நீலகிரி, பழனி மலை ஆராய்ச்சிக் கட்டுரைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியிலும் பழனி மலையிலும் நடந்த ஆராய்ச்சிகளைப் பற்றி நூலகத்துக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. கேட்பவர்களில் பலர் ஊட்டி, கோத்தகிரி கல்லூரி மாணவர்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் சுகாதார வேலை பார்ப்பவர்களும், கொடைக்கானல் மேல்மலையில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுபவர்களும் உண்டு. நான் விஞ்ஞானியும் இல்லை, டாக்டரும் இல்லை. கட்டுரையைத் தேடி எடுத்துக் கொடுப்பதும், கூட உட்கார்ந்து படிப்பதும்தான் என் வேலை. படித்தவரையில் எனக்குப் பட்டது ஒன்றுதான்: என்ன கண்டுபிடித்தார்கள் என்று பார்ப்பதற்கு முன்னால், எதை அளந்தார்கள் என்று பார்க்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றித்தான் வரும்.

ஆராய்ச்சிக் கட்டுரையும், பேப்பரில் வரும் அறிவியல் செய்தியும் ஒன்றுதானே?

இல்லை. ஊட்டியிலேயே நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2019 மார்ச்சில் "ஊட்டிக்கு மேலே 130 கோடி வோல்ட் இடிமேகம்" என்று செய்தி வந்தது. படித்தவர்கள் எல்லோரும் யாரோ மேகத்துக்குள் கருவியை விட்டு அளந்துவிட்டார்கள் என்றே நினைத்தார்கள்.

நடந்தது வேறு. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் ஊட்டியில் இருக்கிறது. அங்கே கிரேப்ஸ்-3 என்ற ஆய்வில், ஆறு மீட்டர் நீளமுள்ள 3,712 இரும்புக் குழாய்களை அடுக்கி வைத்து, வானத்திலிருந்து வந்து விழும் மியூவான் என்ற துகள்களை எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். மழையோ வெயிலோ, இரவோ பகலோ, எண்ணிக்கை நிற்பதில்லை. 2014 டிசம்பர் 1-ஆம் தேதி ஒரு பெரிய இடிமேகம் தலைக்கு மேல் கடந்தபோது, அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 2 சதவீதம் குறைந்தது. பதினெட்டு நிமிடம் நீடித்தது. அளந்தது இவ்வளவுதான்.

மியூவானில் நேர்மின்னூட்டம் உள்ளதும் உண்டு, எதிர்மின்னூட்டம் உள்ளதும் உண்டு. மேகத்துக்குள் இருக்கும் மின்னழுத்தம் ஒன்றை முடுக்கும், மற்றதைத் தடுக்கும். இரண்டும் சம எண்ணிக்கையில் வருவதில்லை என்பதால் மொத்தத்தில் ஒரு வித்தியாசம் விழுகிறது. அப்படி 2 சதவீதம் குறைய வேண்டுமென்றால் மேகத்தின் மேலுக்கும் கீழுக்கும் எவ்வளவு வோல்ட் வித்தியாசம் இருந்திருக்க வேண்டும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்ததில் வந்ததுதான் அந்த 130 கோடி. கணக்கில் வந்தது என்பதால் அதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. சி.டி.ஆர். வில்சன் என்ற இயற்பியலாளர் இந்த அளவுக்கு மின்னழுத்தம் இடிமேகத்தில் இருக்கலாம் என்று சுமார் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தார்; அதற்கு முதல் சான்று இங்கிருந்து போனது. ஆனால் அளவை எது, அனுமானம் எது என்பதைக் கட்டுரை பிரித்துச் சொல்கிறது. செய்தி சொல்லவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேகம் வந்தது 2014-இல், கட்டுரை வந்தது 2019-இல். அந்த நான்கு ஆண்டு வேலையைச் செய்தியில் யாரும் எழுதுவதில்லை.

"பியர் ரிவ்யூ" ஆனது என்றால் அது உண்மை என்று முத்திரை குத்தியாகிவிட்டதா?

அதே துறையைச் சேர்ந்த இரண்டு, மூன்று பேர் வெளியிடுவதற்கு முன் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள், ஆசிரியர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான். அவர்கள் ஊட்டிக்கு வந்து குழாய்களை எண்ணிப் பார்ப்பதில்லை. இது முதல் சல்லடை. அடுத்தவர்கள் அதையே திரும்பச் செய்து பார்ப்பதுதான் உண்மையான சோதனை.

கட்டுரையைக் கையில் எடுத்தால் எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? முழுக்க ஆங்கிலம், முதல் பத்தியிலேயே தலை சுற்றுகிறது.

முதல் பத்தியை விட்டுவிடுங்கள். முன்னுரை சக ஆராய்ச்சியாளர்களுக்காக எழுதப்பட்டது. சுருக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு நேராக "எப்படிச் செய்தோம்" என்ற பகுதிக்குப் போங்கள். யாரை, எத்தனை பேரை, எங்கே, எவ்வளவு காலம், எதோடு ஒப்பிட்டு? இந்த ஐந்துக்கும் பதிலை ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் அட்டவணைகள். முடிவுரையைக் கடைசியில் படித்தால் போதும். அதற்குள் உங்களுக்கே ஒரு அபிப்பிராயம் வந்திருக்கும்.

பழைய கட்டுரைகளில் பழகுவது எளிது. 1860-களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனா மரங்கள் போட்டார்கள். மலேரியாவுக்கான குயினைன் அந்தப் பட்டையில்தான் இருக்கிறது. பட்டையில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஜான் பிராட்டன் என்ற வேதியியலாளரையே அரசு ஊட்டியில் நியமித்தது. குயினைன் மட்டுமில்லாமல் அதன் உடன்பிறப்புகளான குயினிடின், சிங்கோனின், சிங்கோனிடின் ஆகியவையும் வேலை செய்யுமா என்று 1866 முதல் 1868 வரை சுமார் 3,600 காய்ச்சல்காரர்களிடம் சோதித்தார்கள். நான்குமே ஏறக்குறைய ஒரே அளவு, 98 சதவீதத்துக்கு மேல் குணம் என்று முடிவு வந்தது.

அந்தக் காலத்துக்கு இது பிரமாதமான வேலை. நான்கு மருந்தை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே பெரிய விஷயம். இப்போது நம் ஐந்து கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். எதோடு ஒப்பிட்டு? மருந்தை மருந்தோடுதான், மருந்து கொடுக்காத ஆட்கள் ஒப்பீட்டில் இல்லை. குணம் என்றால் என்ன? காய்ச்சல் வருவது நின்றது. யாரை? காய்ச்சல் வந்தவர்களை. அவர்கள் எல்லோருக்கும் மலேரியாதானா? அதைச் சொல்ல அன்றைக்கு வழியே இல்லை. ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியை லாவெரான் பார்த்தது 1880-இல்தான். தானாக நிற்கிற காய்ச்சலும் அந்த 98-க்குள் புகுந்திருக்கும். சிங்கோனா பொய் என்று யாரும் சொல்லவில்லை, குயினைன் இன்றும் மருந்துதான். ஆனால் 98 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் தப்பான இடத்துக்குப் போய்ச் சேருவோம்.

(மலேரியா என்றதும் ஊட்டிக்காரர்கள் ரொனால்ட் ராஸைச் சொல்வார்கள். 1897-இல் விடுப்பில் வந்தவர் சீகூர் மலைப்பாதைப் பக்கம் தங்கியபோது, சிறகில் புள்ளி உள்ள ஒரு கொசு சுவரில் விசித்திரமாக உட்கார்ந்திருந்ததைக் கவனித்தார். அவரும் அங்கே மலேரியாவில் படுத்தார். ஆனால் கொசுவின் வயிற்றில் ஒட்டுண்ணியைக் கண்டது அந்த ஆகஸ்டில் செகந்திராபாத்தில். பெருமையைச் சரியான ஊருக்குக் கொடுத்துவிடுவோம்.)

"72 சதவீதம் ஆபத்து குறைகிறது" என்று எழுதுகிறார்களே, அதை எப்படிப் புரிந்துகொள்வது?

இந்த 72 ஒரு நிஜ எண். அதன் வேர் குன்னூரில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1920-களின் கடைசியில் இந்தியா வந்தார். பம்பாயில் மில் வேலை செய்யும் ஏழைப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் கடுமையான ரத்தசோகை வந்தது, உயிரையும் எடுத்தது. ரத்த அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெரிதாக ஊதியிருக்கும். ஏன் என்று தெரியவில்லை. 1929-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்காரிசன் நடத்திய உணவு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலையைத் தொடர்ந்தார். அந்தப் பெண்கள் சாப்பிட்ட மாதிரியே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், அப்புறம் குரங்குகளுக்கு. ஈஸ்ட் சேர்த்தால் தேறுவது தெரிந்தது. கடையில் மலிவாகக் கிடைத்த மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு ஒரு குரங்கைத் தேற்றியது. பிறகு நோயாளிப் பெண்களுக்குக் கொடுத்தார், எழுந்து உட்கார்ந்தார்கள். 1931-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. உள்ளே இருக்கும் பொருள் என்னவென்று அவருக்குத் தெரியாது. "வில்ஸ் காரணி" என்றே பல காலம் சொன்னார்கள். 1941-இல் பசலைக்கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தோடு சேர்த்துக் கொடுக்கும் மாத்திரையில் இருப்பது அதுதான்.

சரி, 72. ஃபோலிக் அமிலம் குழந்தையின் முதுகுத்தண்டு, மூளை உருவாவதில் வரும் குறையைத் தடுக்குமா என்று ஏழு நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவு 1991-இல் வெளியானது. ஏற்கெனவே அப்படி ஒரு குழந்தை உண்டான பெண்களை மட்டுமே சேர்த்தார்கள். ஃபோலிக் அமிலம் எடுத்த 593 பேரில் 6 குழந்தைகளுக்குக் குறை. எடுக்காத 602 பேரில் 21. நூறு பேருக்கு ஒன்று என்பதற்கும் நூறு பேருக்கு மூன்றரை என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த 72 சதவீதம். நூறில் 72 பேர் தப்பித்தார்கள் என்று அர்த்தம் இல்லை. நூறில் இரண்டரை பேர் தப்பித்தார்கள்.

இரண்டரை என்றால் சின்ன எண்ணா? இல்லவே இல்லை. மலிவான மாத்திரை, தடுக்கப்படுவது வாழ்நாள் முழுக்க இருக்கும் குறை. ஆய்வை முன்கூட்டியே நிறுத்தும் அளவுக்கு வித்தியாசம் தெளிவாக இருந்தது. ஆனால் சேர்த்தவர்கள் ஆபத்து கூடுதலாக உள்ள பெண்கள். அதே மூன்றரையை ஊரில் உள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் போட முடியாது. பொதுவாக இந்தக் குறை அதைவிட மிக அரிது. சதவீதம் கண்ணில் பட்டால் "எத்தனையில் எத்தனை?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் கட்டுரையின் அட்டவணையில் இருக்கும், விளம்பரத்தில் இருக்காது.

எலியில் செய்தது மனிதருக்குப் பொருந்துமா?

சில நேரம். வில்ஸின் எலிகள் வழி காட்டின, ஆனால் அவர் அங்கே நிற்காமல் பெண்களிடம் கொடுத்துப் பார்த்த பிறகுதான் சொன்னார்.

அதே குன்னூரில் மெக்காரிசன் செய்த இன்னொரு சோதனை வேறு மாதிரிப் போனது. இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து எடையை ஒப்பிட்டார். சப்பாத்தி, பால், பருப்பு, காய்கறி உள்ள சீக்கியர் உணவு முதலிடம். மதராஸ்காரர்களின் அரிசிச் சாப்பாடு கடைசி. இதை வைத்து "தென்னிந்தியன் சோற்றால் சோனி" என்று ரொம்பக் காலம் பேசினார்கள். இரண்டு சாப்பாட்டுக்கும் இடையே அரிசி, கோதுமை மட்டுமா வித்தியாசம்? பால் வேறு, பருப்பின் அளவு வேறு, காய்கறி வேறு. ஒரே நேரத்தில் ஐந்தாறு விஷயம் மாறினால் எது காரணம் என்று எலியாலும் சொல்ல முடியாது. பாலிஷ் போட்ட அரிசியில் பி1 வைட்டமின் போய்விடுகிறது, புழுங்கலரிசியில் அது ஓரளவு தங்குகிறது என்பது உறுதியான விஷயம். அது வேறு கதை.

பாஸ்டர் நிலையத்தில் 1918-இல் ஒரே ஓர் அறையில் தொடங்கிய அந்த வேலைதான் 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இப்போது தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. குன்னூரில் இதை அறிந்தவர்கள் குறைவு.

அரிவாள் செல் சோகை நம் ஆதிவாசி மக்களின் வியாதி என்கிறார்கள். ஆராய்ச்சி அப்படித்தான் சொல்கிறதா?

அரிவாள் செல் சோகை என்பது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய். இந்தியாவில் அதற்கான மரபுக்கூறு இருப்பது முதலில் எழுதப்பட்டது நீலகிரியை வைத்துத்தான். லேமன், மேரி கட்புஷ் என்ற இருவரும் இங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தைப் பார்த்து 1952-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அதற்கு முன் இது ஆப்பிரிக்க வம்சத்தவருக்கு உரியது என்றே பெரும்பாலும் எண்ணியிருந்தார்கள். பிறகு மத்திய இந்தியா, ஒடிசா, குஜராத் என்று பல இடங்களில், பழங்குடி அல்லாதவர்களிடமும் கண்டார்கள். ஆக, "நம் மக்களின் வியாதி" என்பது ஓரளவுக்கு முதலில் எங்கே போய்ப் பார்த்தார்கள் என்பதன் விளைவு. மலேரியா ஆண்ட நிலங்களில் இந்த மரபணு ஒன்று மட்டும் இருந்தவர்கள் பிழைத்தார்கள், அதனால் அது தங்கியது. சாதியோ பழக்கவழக்கமோ காரணம் இல்லை.

எண்களைப் படிக்கும்போது இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று, "அரிவாள் செல் உள்ளவர்கள்" என்று சொல்லும்போது சுமப்பவர்களையும் நோயாளிகளையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் சுமப்பவர். பெரும்பாலும் சாதாரணமாக வாழ்வார். இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய். சுமப்பவர் இருவர் கல்யாணம் செய்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய்க்கு 25 சதவீத வாய்ப்பு, சுமக்க 50, எதுவும் இல்லாமல் இருக்க 25. "முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைக்குக் கவலை இல்லை" என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. அப்படிக் கிடையாது, ஒவ்வொரு முறையும் புதிதாகச் சீட்டுக் குலுக்குகிறது.

இரண்டு, எந்தச் சோதனை? முகாமில் செய்யும் கரைதிறன் சோதனை அரிவாள் செல் ஹீமோகுளோபின் ரத்தத்தில் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். சுமப்பவரா நோயாளியா என்று சொல்லாது. அதற்கு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரசிஸ் அல்லது எச்.பி.எல்.சி. சோதனை வேண்டும். கையில் சோதனை முடிவு அட்டை வைத்திருப்பவர்கள் எது செய்தார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்திலும் இந்தச் சோதனைகளும் அட்டைகளும்தான் அடிப்படை.

ஆராய்ச்சிக்கு என்று சொல்லி ஊருக்கு வந்து ரத்தம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம், முழுக்க உங்கள் விருப்பம். மறுத்தால் உங்களுக்குக் கிடைக்கும் சிகிச்சை குறையக் கூடாது. பாதியில் விலகவும் உரிமை உண்டு. இதெல்லாம் சலுகை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளில் உள்ளவை. பழங்குடி மக்களிடம் ஆய்வு செய்வதற்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்றும் அதே நெறிமுறைகள் சொல்கின்றன.

வந்தவரிடம் கேளுங்கள்: எந்த நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்தது? காகிதத்தைக் காட்ட முடியுமா? எனக்குப் புரியும் மொழியில் ஒரு பிரதி எனக்குத் தருவீர்களா? ரத்தத்தை இந்த ஒரு சோதனைக்கு மட்டும் பயன்படுத்துவீர்களா, வைத்துக்கொண்டு பின்னாலும் பார்ப்பீர்களா? என் ரிசல்ட் எனக்கு எப்போது வரும்? கடைசிக் கேள்விக்கு முகம் சுளித்தால் யோசியுங்கள். புது மருந்தைச் சோதிக்கும் ஆய்வு என்றால் அது இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2009 ஜூன் முதல் அது கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இந்த மலை மக்களின் ரத்தத்தையும் தலை அளவையும் பல்லையும் நூறு வருஷத்துக்கு மேலாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். எத்தனை முடிவு ஊருக்குத் திரும்பி வந்தது என்று பெரியவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். அதனால் கேள்வி கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நல்ல ஆராய்ச்சியாளர்கள் கேள்விக்குக் கோபப்படுவதில்லை, நாற்காலி போட்டு உட்கார்ந்து பதில் சொல்வார்கள்.

ஊட்டியில் செய்த ஆய்வு கொடைக்கானலுக்குப் பொருந்துமா? இரண்டும் ஒரே மாதிரி மலைதானே?

எதைப் பற்றிய ஆய்வு என்பதைப் பொறுத்தது. ஊட்டிப் பக்கம் முத்தோரையில் 1970-இலிருந்து இருக்கும் ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம். மலைச்சரிவின் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகையோடு, சுமார் 11 டிகிரி, ஒத்துப்போவதால் கோவிந்த் ஸ்வரூப் அந்த இடத்தைத் தேர்ந்தார். அதில் பார்த்த விண்மீன் மண்டலம் கொடைக்கானலுக்கும் அதேதான்.

பறவை அப்படி இல்லை. நடுவில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. சோலையை விட்டுக் கீழே இறங்காத சிறு பறவைகளுக்கு அந்தப் பள்ளம் கடல் மாதிரி. நீலகிரிச் சோலையில் தத்தும் நீலச்சிட்டும் பழனி மலையில் உள்ளதும் பார்வைக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் வேறு வேறு இனம். வி.வி. ராபினும் மற்றவர்களும் 2017-இல் மரபணுவைப் பார்த்து, இந்தப் பறவைகள் இமயமலைப் பக்கத்து வகைகளோடு சேராது, தனிப் பேரினம் என்று எழுதி "ஷோலிகோலா" என்று பெயர் வைத்தார்கள். சோலை என்ற நம் சொல் அதற்குள் இருக்கிறது. வடக்கே எடுத்த எண்ணிக்கையைத் தெற்கே போட்டுக் கணக்கிட்டால் தப்பாகும்.

இரண்டு கட்டுரை நேர் எதிராகச் சொன்னால் யாரை நம்புவது?

எங்கள் பக்கத்துப் பழைய சண்டை ஒன்று உண்டு. மேட்டில் புல்வெளி, பள்ளத்தில் சோலை, ஏன் இப்படி? 1938-இல் ரங்கநாதன் என்ற வன அதிகாரி, உறைபனி மரக்கன்றைக் கொல்கிறது, ஆகவே புல் இயற்கையானது என்று எழுதினார். அதே ஆண்டு போர் என்ற தாவரவியலாளர், தீயும் மாடும் மனிதனும்தான் காரணம் என்றார். இருவரும் கண்ணால் பார்த்ததை வைத்து வாதாடினார்கள்.

வேறு ஒன்றை அளந்தபோதுதான் விஷயம் நகர்ந்தது. நீலகிரியில் சாண்டிநல்லா போன்ற இடங்களில் சதுப்பு நிலத்துக் கரிமண் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. வெயில் நிலப் புற்களும் மரங்களும் காற்றிலிருந்து கார்பனை வேறு வேறு விதமாக எடுப்பதால், அந்த மண்ணில் கார்பன்-13 என்ற, சற்றுக் கனமான கார்பன் வகையின் விகிதத்தைப் பார்த்தால் அந்தந்தக் காலத்தில் எது ஓங்கியிருந்தது என்று தெரியும். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் நேச்சர் இதழில் 20,000 ஆண்டுப் பதிவை வெளியிட்டார்கள். வறண்ட பனியுகக் காலத்தில் புல் ஓங்கியது, ஈரமான காலத்தில் மரம் ஓங்கியது. விவசாயி கோடாரி தூக்குவதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டு முன்பே புல் இங்கே இருந்திருக்கிறது. தீயும் மாடும் பிற்காலத்தில் புல்வெளியை விரித்திருக்கலாம் என்பதை இது மறுக்கவில்லை. "யார் சரி" என்று தேடுவதைவிட "இருவரும் ஒரே விஷயத்தைத்தான் அளந்தார்களா" என்று தேடுவது பலன் தரும்.

இது வெறும் வாதம் இல்லை. புல்வெளியைத் தரிசு என்று நினைத்துத்தான் சீகையும் தைலமரமும் பைனும் நட்டார்கள். பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2018-இல் அரசுமணி குழுவினர் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் காட்டினார்கள். மேல்மலைக்காரர்களுக்கு அது செய்தியே இல்லை, தாத்தா சொன்னதுதான். ஆனால் அலுவலகத்தில் தாத்தா சொன்னதை யாரும் ஃபைலில் போடுவதில்லை.

மருத்துவம், வானம், காடு தவிர வேறு ஆராய்ச்சி உண்டா?

நிறைய. தொதவர் மொழியில் நாக்கை அதிரவைத்து ஒலிக்கும் "ர" வகைகளைப் பற்றி மட்டுமே 1996-இல் ஒரு தனிக் கட்டுரை வந்திருக்கிறது. உலக மொழிகளில் அரிது என்பதால் ஒலியியல் படிப்பவர்கள் அதைத் தேடிப் படிப்பார்கள். உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுவை இந்தியாவில் முதலில் 1961-இல் கண்டது நீலகிரியில்தான். விதைக்கிழங்கை வெளியே அனுப்பத் தடை என்று இன்றும் புலம்புகிறோமே, அந்தக் கதை அங்கே தொடங்குகிறது.

காசு கட்டாமல் இந்தக் கட்டுரைகளைப் படிக்க முடியுமா?

மேலே சொன்னவற்றில் பாதிக்கு மேல் முடியும். வில்ஸின் 1931 கட்டுரையும் லேமன் குழுவின் 1952 கட்டுரையும் பப்மெட் சென்ட்ரல் என்ற மருத்துவக் கட்டுரைத் தளத்தில் இலவசம். 2017 பறவைக் கட்டுரையும் 2018 புல்வெளிக் கட்டுரையும் யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த இதழ்களில் வந்தவை. இடிமேகக் கட்டுரையின் பிரதி, ஆராய்ச்சியாளர்கள் கட்டுரைகளை இலவசமாக ஏற்றி வைக்கும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் இருக்கிறது. நேச்சர் காசு கேட்கும். பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையதளம்.

அரசுக் கல்லூரியில் படிப்பவர்கள் முதலில் கல்லூரி நூலகரைக் கேளுங்கள். 2025 தொடக்கத்தில் வந்த "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்தில் சுமார் 13,000 இதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. மற்றவர்களுக்கு ஒரு வழி: கட்டுரையில் தொடர்புக்கான ஆசிரியர் என்று ஒரு மின்னஞ்சல் இருக்கும். "நான் இந்த ஊர்க்காரன், எங்கள் மலையைப் பற்றிய உங்கள் கட்டுரை வேண்டும்" என்று இரண்டு வரி எழுதினால் பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். தன் கட்டுரையை யாராவது படிக்கிறார்கள் என்பதே அவர்களுக்குச் சந்தோஷம்.

காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்கள் உண்டாமே?

உண்டு. "மூன்று நாளில் வெளியிடுகிறோம்" என்று தானே மின்னஞ்சல் அனுப்பினால் விலகிவிடுங்கள். ஆனால் பெரிய பெயரும் காப்பு இல்லை. கொரோனா காலத்தில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மருந்தைப் பற்றி லான்செட் என்ற பெரிய மருத்துவ இதழில் 2020 மே மாதம் வந்த ஒரு கட்டுரை, அடிப்படைத் தரவையே சரிபார்க்க முடியாததால் ஜூனில் திரும்பப் பெறப்பட்டது. கட்டுரையை நம்புவதற்கு முன் அதன் பக்கத்தில் "திரும்பப் பெறப்பட்டது" என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது அரை நிமிட வேலை.

கட்டுரையைப் படித்துவிட்டு அம்மாவின் மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. அச்சடித்து டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.

ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளைக்கு முதல் கட்டுரையாக எதைக் கொடுக்கலாம்?

என் தேர்வு சூரியனை ஆராய்ந்த ஜான் எவர்ஷெட் எழுதியது. கொடைக்கானல் அப்சர்வேட்டரியில் 1909 ஜனவரியில் பார்த்ததை அவர் அங்கேயே வெளியிட்ட சிறு அறிக்கை. சூரியக் கரும்புள்ளிகளில் வாயு சுழல்கிறதா என்று நிறமாலையில், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையில், தேடினார். வாயு நம்மை நோக்கி வந்தாலும் விலகிப் போனாலும் அந்தப் பட்டையில் உள்ள கோடுகள் இடம் மாறும், அதுதான் டாப்ளர் விளைவு. கரும்புள்ளியின் ஓரத்தில் கோடுகள் சாய்ந்திருந்தன. புள்ளி சூரிய வட்டத்தின் நடுவில் இருந்தபோது அந்தச் சாய்வு ஏறக்குறைய காணாமல் போனது, ஓரத்துக்கு நகர்ந்தபோது திரும்பத் தெரிந்தது. அப்படியானால் வாயு மேலும் கீழும் போகவில்லை, சுழலவும் இல்லை. பரப்பை ஒட்டி வெளிப்பக்கமாக ஓடுகிறது. இன்றைக்கும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். ஏன் என்று பிள்ளை ஒரு படம் போட்டு விளக்கினால், டாப்ளர் விளைவுப் பாடம் புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பெரும்பாலான பிள்ளைகள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள்: புள்ளி நடுவில் இருந்தால் ஏன் சாய்வு தெரியாது? ஒரு தட்டையும் நாலு அம்புக்குறியையும் வரைந்து, நம்மை நோக்கி வரும் வேகம் எவ்வளவு என்று குறிக்கச் சொல்லுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிட வேண்டாம். முடித்த பிறகு, அங்கே நூற்றாண்டுக்கு மேலாக எடுத்த சூரியப் படங்களைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள், அவற்றில் ஒரு கரும்புள்ளியை நாள்தோறும் பின்தொடர்ந்து சூரியன் சுற்ற எத்தனை நாள் என்று கணக்கிடச் சொல்லலாம். ஸ்கேலும் கிராஃப் தாளும் போதும்.